பயன்பாடு: அலுவலகம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவின் இருமலைப் பற்றித் தனியாக எழுது. "பரவாயில்லை" என்று ஒரே சொல்லில் முடிக்காதே.

அப்பா போட்ட விதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். "போனை எடுத்தா ரெண்டு பேரும் கத்துறீங்க. எழுதுங்க. எழுதினா கை வலிக்கும், பாதி சண்டை அங்கேயே தீர்ந்துடும். உயிர் போற விஷயம்னா மட்டும் போன்" என்றாரே, அந்தக் கணக்கில் எனக்கு இப்போதே கை வலிக்கிறது. மூன்று முறை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தேன். மன்னித்துவிடு. நான்காவது முறை வைத்தது நீ. அது உன் கணக்கு.

உன் நூலகத்தைப் பற்றிய அறிக்கையை நேற்று உங்கள் மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டோம். முடிவு உனக்குப் பிடிக்கும். வரி அலுவலகம் காலி செய்துவிட்டுப் போன மேல்மாடிக்குப் புத்தக அலமாரிகளை எல்லாம் ஏற்றலாம். கீழே உனக்கு ஒரே பெரிய வாசிப்புக் கூடம். ஏழு வருடமாக மனு எழுதினாயே, இனி எழுத வேண்டாம்.

"ஆலோசனை நிறுவனம் என்றால் என்னதான் செய்வீர்கள்" என்று கேட்டிருந்தாய். ஒரு செங்கல்கூட எங்களிடம் இல்லை. விற்பது தாள். தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை, ஐந்து பேர். முதலாளியைச் சிவப்புப் பேனா என்போம், அவர் காதில் விழாமல். எந்த அறிக்கையும் அவர் பேனா படாமல் வெளியே போகாது. உன் அறிக்கையில் பதினான்கு காற்புள்ளி திருத்தினார். வரைபடம் போடுகிற அம்மாவுக்கு அரை மில்லி என்று பெயர். அதற்கு மேல் தவறு பொறுக்க மாட்டார். அறிக்கையை யாரும் புதிதாக எழுதுவதில்லை. பழைய அறிக்கை ஒன்று இருக்கிறது, அதற்கு 'தாய்' என்று பெயர். தாயைத் திறந்து, கட்டடத்தின் பெயரை மாற்றி, அளவுகளை மாற்றி, குழந்தையைப் பெற்றெடுக்க வேண்டியது. ஒன்பது நாளில் முடித்தேன். இங்கே யாரும் பதினைந்துக்குக் குறைந்து முடித்ததில்லை.

ஜனவரியில் அளக்க வந்தபோது கூடத்து நடுவில் இருக்கும் சாமான் அறைக் கதவு நிலைச்சட்டத்தில் இறுகிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது. முழங்காலால் இடித்தேன். நீலம் இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
தம்பி

மார்ச் 2

அன்புள்ள அவசரத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் இருமல் காலையில் பத்து நிமிடம், பிறகு கிடையாது. போதுமா, இன்னும் அளந்து சொல்ல வேண்டுமா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தைப் படிக்க அப்பாவின் கண்ணாடியைக் கடன் வாங்கினேன். கோழி கிளறியது போல எழுதுகிறாய்.

கூடம் திறந்துவிட்டோமடா. அலமாரிகளை மேலே ஏற்ற எட்டு நாள் ஆனது. இடம் மிச்சம் பிடிக்க நெருக்கி நெருக்கி வைத்திருக்கிறோம். கட்டிய பழைய செய்தித்தாள் தொகுதிகள் எல்லாம் நடுவில். கீழே தூண் இல்லாத அவ்வளவு பெரிய கூடம் இந்த ஊரில் வேறு எங்கே இருக்கிறது? தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் முதல் நாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நேற்று நாற்பது. வீட்டில் படிக்க இடமில்லாத பிள்ளைகள். ஒருத்தி வந்தவுடன் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது முழுசும் எனக்கா மேடம்?" என்றாள். பாதி என்றேன். அதற்கே அவளுக்கு வாய் காது வரை போனது.

அப்பாவும் தினம் காலையில் வந்துவிடுகிறார். நட்ட நடுவில், பெரிய மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மதியம் வரை செய்தித்தாள். எடைமேடையில் முப்பது வருடம் லாரிகளுக்குச் சீட்டு எழுதினவர் இல்லையா, அந்த நாற்காலியிலும் சீட்டு எழுதப் போகிறவர் போலத்தான் உட்காருகிறார்.

மேலதிகாரி எல்லோர் முன்னாலும், "இந்த நிறுவனத்தைச் சொன்னது நம்ம நூலகர்தான்" என்றார். என் தம்பி அங்கே வேலை செய்கிறான் என்பதை நான் மறைக்கவில்லை. உன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைச் சட்டம் போட்டு என் மேசைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன். 'தயாரித்தவர்' என்று உன் பெயர் இருக்கும் பக்கம். சிரிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஏப்ரல் 11

முதலாளி அவர்களுக்கு,

ஐயா, நேரில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். நீங்கள் தொலைபேசியில் இருந்தீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

நூலகக் கட்டட அறிக்கை, பக்கம் பதினொன்று. மேல்மாடித் தளத்தின் 'பயன்பாடு: அலுவலகம்' என்று இருக்கிறது. இது தாய் அறிக்கையில் இருந்த வரி. கட்டடத்தின் பெயர் வந்த நாற்பது இடங்களும் ஒரே விசையில் மாறிவிட்டன. இந்த வரியில் பெயர் இல்லை. எனவே மாறவில்லை. நான் கவனிக்கவில்லை

கம்பி, காரை, உத்திரத்தின் அளவு எல்லாம் நான் நேரில் அளந்தவை, சரி. ஆனால் அந்தத் தளம் தாங்க வேண்டிய எடையை மேசைகளுக்கும் மனிதர்களுக்கும் கணக்கிட்டிருக்கிறோம். சதுர மீட்டருக்கு இருநூற்றைம்பது கிலோ. அங்கே இப்போது நிற்பது புத்தக அலமாரிகள். எடை இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன். கீழே தினம் நாற்பது பேர் உட்காருகிறார்கள். அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும்.

*(அதே தாளின் அடியில், சிவப்பு மையில்)*

1. "கவனிக்கவில்லை" என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி இல்லை.
2. "நினைக்கிறேன்" என்பது கணக்கு அல்ல. உண்மையான எடையைக் கொண்டு வா.
3. இதையெல்லாம் தாளில் எழுதாதே. வெள்ளிக்கிழமை பேசலாம்.

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குக்காகச் சில விவரம் வேண்டும். அலமாரிகள் எத்தனை? ஒவ்வொன்றிலும் எத்தனை தட்டு? ஒரு மீட்டர் தட்டில் இருக்கும் புத்தகங்களின் எடை என்ன? செய்தித்தாள் தொகுதிகளைத் தனியாக நிறுத்துப் பார். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? அப்பாவிடம் சொன்னால் செய்து கொடுப்பார்.

இனி மேலே ஒரு புத்தகம்கூட ஏற்றாதே. அங்கே காற்றோட்டம் குறைவு என்று அரை மில்லி சொல்கிறார். காகிதம் கெட்டுவிடும்.

அப்பாவை ஜன்னலோரம் உட்காரச் சொல். செய்தித்தாள் படிக்க வெளிச்சம் நல்லது.

அந்தக் கடைசிப் பக்கத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிடு. எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவசரமாக முடிக்கிறேன்.

தம்பி

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆகவே இளைத்திருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீ கேட்ட கணக்கு அப்பாவுக்குத் திருவிழா ஆகிவிட்டது. ஆள் நின்று எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். முதலில் தான் மட்டும் ஏறினார்: அறுபத்தொன்று. பிறகு ஒரு தட்டுத் தொகுதிகளைப் பிரித்துப் பிரித்து அணைத்துக்கொண்டு ஏறி, ஒவ்வொரு தடவையும் தன்னைக் கழித்தார். படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். செய்தித்தாள் தொகுதி, மீட்டருக்கு முப்பத்தாறு கிலோ. சாதாரணப் புத்தகம் இருபத்தேழு. அலமாரிக்கு ஒரு பக்கம் ஒன்பது தட்டு, இரண்டு பக்கமும் புத்தகம். மொத்தம் நாற்பத்திரண்டு அலமாரி. நடைவழி இரண்டடி.

கடைசியில் இயந்திரத்தை விட்டு இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டே என்ன சொன்னார் தெரியுமா? "லாரி மேடையை விட்டுப் போன பிறகு எடை கேட்டு வர்றவன், சீட்டைத் தப்பா எழுதினவனாத்தான் இருப்பான்." நான் சிரித்தேன். நீயும் சிரித்துவிடு.

ஜன்னலோரம் போகமாட்டாராம். "என் நாற்காலி இதுதான்" என்கிறார். முன்பாவது மதியம் கிளம்புவார். இப்போது சாயங்காலம் வரை அசைவதில்லை.

மற்றபடி எல்லாம் நன்றாக இருக்கிறது. தச்சர் வந்து சின்ன வேலை ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டுப் போனார். நீ எதற்குக் கேட்கிறாய் என்று நான் கேட்கவில்லை. சட்டத்தைக் கழற்றவும் இல்லை.

அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இளைக்கவில்லை.

விவரங்களுக்கு நன்றி. அப்பா அளந்தால் அதற்கு மேல் சரிபார்க்க வேண்டியதில்லை. இதோடு ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறேன். அறிக்கை கொடுத்து மூன்று மாதமானால் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்புவது வழக்கம். ஐந்து கேள்விதான். கூரையில் விரிசல் தெரிகிறதா, காரை உதிர்கிறதா, கதவுகள் இறுகுகின்றனவா, தரை அதிர்கிறதா, நீர்க்கசிவு உண்டா. உண்மையை எழுது. உடனே எழுது.

இங்கே வேலை அதிகம். நகராட்சியோடு எங்களுக்கு இருக்கும் ஒப்பந்தத்தை ஜூன் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். அதுதான் இந்த ஐந்து பேரையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்திருக்கிறது. முதலாளி வெள்ளிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு என்னோடு பேசுகிறார். கெட்டவர் இல்லை. பெரிய நிறுவனமாக இருந்தால் தவறு செய்தவன் முகம் யாருக்கும் தெரியாது. இங்கே எதிர் மேசையில் அரை மில்லி உட்கார்ந்திருப்பார்; அவருடைய வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். அவருடைய முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

அப்பாவை ஜன்னலுக்கு மாற்று. மின்விசிறி வேண்டுமென்றால் அங்கே ஒன்று மாட்டு. நான் வாங்கி அனுப்புகிறேன்.

தம்பி

ஜூன் 1

அக்காவுக்கு,

நலமா? கேள்வித்தாள் வரவில்லை. ஐந்து கேள்விக்கு இத்தனை நாளா? பேனா இல்லையென்றால் அதையும் அனுப்புகிறேன்.

தம்பி

ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். அப்பாவும் சுகம். தாமதத்துக்குக் கோபப்படாதே. எழுத உட்காருவேன், யாராவது வந்துவிடுவார்கள்.

அந்த மேசையைத் தடவிப் பார்த்தாளே ஒரு பெண், அவள் எழுதிய தேர்வில் தேறிவிட்டாள். கூடத்திலிருந்து முதல் ஆள். வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரவே மாட்டேன் என்றாள். "அழுதுடுவேன் மேடம், எல்லாரும் படிக்கிறாங்க" என்றாள். ஏழு வருடம் மனு எழுதினேன் என்று கணக்குச் சொன்னாய் இல்லையா? அதற்கு அன்றைக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்தது. இந்தக் கூடம் எனக்கு எவ்வளவு பெரிது என்பது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேள்வித்தாள் அனுப்புகிறாய்.

பதில்கள்: கூரையில் விரிசல் எதுவும் தெரியவில்லை, மேலே அலங்காரப் பலகை அடித்திருப்பதால் பலகைதான் தெரிகிறது. காரை உதிரவில்லை. கதவுகள் எல்லாம் நன்றாகத் திறந்து மூடுகின்றன, சாமான் அறைக் கதவும்கூட. அதிர்வு இல்லை. கசிவு இல்லை.

வழக்கமாக எல்லோருக்கும் அனுப்புகிற கேள்வித்தாள் என்றால், இதை உன் கையால் எழுதி அனுப்புவானேன்?

அக்கா

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போன் செய்தேன். விதியை நான் மீறவில்லை. உயிர் போகிற விஷயம் என்றால் போன் என்று அப்பாதான் சொன்னார்.

நேற்று நான் சொன்னது நான்கே வாக்கியம். எல்லோரையும் வெளியே அனுப்பு. அப்பாவை முதலில். மேலே யாரும் போக வேண்டாம். பூட்டு. நீ "சரி" என்று மட்டும் சொன்னாய். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததால் இப்போது எழுதுகிறேன்.

பக்கம் பதினொன்றில் 'பயன்பாடு: அலுவலகம்' என்று இருக்கிறது. தாயிலிருந்து வந்த வரி. நான் மாற்றவில்லை. அந்தத் தளத்துக்கு நான் எழுதிக் கொடுத்த எடை சதுர மீட்டருக்கு இருநூற்றைம்பது கிலோ. நடுப்பகுதியில் அப்பா நிறுத்துக் கொடுத்தபடி ஐநூற்றுத் தொண்ணூறு. இது எனக்கு ஏப்ரல் பதினொன்றாம் தேதியிலிருந்து தெரியும். எடைதான் பின்னால் வந்தது. தவறு அன்றைக்கே தெரியும். ஒன்பது நாளில் முடித்தேன் என்று உனக்குப் பெருமையடித்தேனே, அந்த ஒன்பது நாளில் ஒரு நிமிடம் இந்த வரிக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

முதலாளி சொன்னது இதுதான்: "உடனே விழுந்துடாதுப்பா. தாங்கும் சக்தியில கொஞ்சம் மிச்சம் எப்பவும் இருக்கும். ஒப்பந்தம் புதுப்பிச்ச பிறகு, பராமரிப்புன்னு சொல்லி அடியில ரெண்டு இரும்பு உத்திரம் கொடுத்துடலாம். யாருக்கும் தலைகுனிவு இல்லை." நான் ஒத்துக்கொண்டேன். மிரட்டி ஒன்றும் வாங்கவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. சட்டத்துக்குள் இருக்கும் என் பெயரும் உனக்குக் கிடைத்த பாராட்டும் அப்படியே இருக்கும் என்று நினைத்தேன்.

உன் பதிலைப் படித்ததும் முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். மேலே எதுவும் இல்லாத ஜனவரியிலேயே அந்தச் சாமான் அறைக் கதவு இறுகியிருந்தது. அத்தனை எடை ஏறிய பிறகு அது தானாக நன்றாகாது. நிலையின் மேற்கட்டையைத் தளம் அழுத்தியிருக்க வேண்டும், கதவின் மேல் விளிம்பை யாரோ இழைத்திருக்க வேண்டும். தச்சர் எதற்கு வந்தார் என்று மே மாதமே கேட்டிருக்க வேண்டும்.

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக உங்கள் மேலதிகாரிக்கு நேற்றே எழுதிவிட்டேன். என் கையெழுத்து மட்டும் போட்டேன். நகல் இதோடு இருக்கிறது. முதலாளியின் மேசையிலும் ஒன்று வைக்கப் போகிறேன்.

அப்பா நலமா?

தம்பி

ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதவில்லை. எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. நீயும் அப்பாவும் நலம் என்று மேலதிகாரியின் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இங்கே நடந்ததை எழுதுகிறேன். நகலை மேசையில் வைத்த அன்று முதலாளி என்னோடு பேசவே இல்லை. மறுநாள் காலை அந்தத் தாள் என் மேசையில் இருந்தது. இரண்டு காற்புள்ளியைத் திருத்தியிருந்தார். என் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில், "சரிபார்த்தவன் நான். பக்கம் பதினொன்றைச் சரிபார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை மறுபடியும் தபாலில் சேர்த்தோம். அவர் பெயரும் இருக்கிற கடிதம்தான் கோப்பில் இருக்க வேண்டும் என்றார். 

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அரை மில்லியும், அறிக்கைகளைத் தைத்துக் கட்டுகிற அண்ணனும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். போகிற அன்று அரை மில்லி தாயைத் திறந்து, அந்த வரியில் இருந்த 'அலுவலகம்' என்ற சொல்லை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'கேட்டு எழுது' என்று அடித்துவிட்டுப் போனார். "உன்னைத் திட்டணும்னு வந்தேன். வரைபடத்துல 'புத்தக அறை'ன்னு எழுதினது என் கைதான். நானும் அறிக்கையோட ஒத்துப் பார்க்கலை" என்றார். திட்டியிருக்கலாம்.

இப்போது மூன்று பேர். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கீழே தையல் இயந்திரக் கடைக்காரர், "மேலே சத்தமே இல்லையே, விற்கிறீங்களா?" என்று கேட்கிறார்.

நீ திட்டியாவது ஒரு கடிதம் எழுது.

தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

நலம். அப்பாவுக்கு இருமல் கொஞ்சம் கூடியிருக்கிறது. மருத்துவரிடம் போய்வந்தோம். பயப்பட ஒன்றும் இல்லை.

போன் வந்தபோது உன் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதனால்தான் ஏன் என்று கேட்கவில்லை. மணியை அடித்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்தார்கள். அப்பா செய்தித்தாளை நான்காக மடித்து, நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, கடைசிப் பிள்ளை வெளியே போன பிறகுதான் போனார். முதலில் அவரை அனுப்பச் சொன்னாய். அவர் போகவில்லை.

உன் கடிதத்தைப் படித்து உன்மேல் கோபப்பட நாளை எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் பதினொன்றிலிருந்து ஜூன் இருபத்தொன்று வரை எழுபத்தொரு நாள். தெரிந்துகொண்டே எழுபத்தொரு நாள் அப்பாவையும் அந்தப் பிள்ளைகளையும் அதன் கீழே உட்கார விட்டாய். இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்போது என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அந்தக் கதவை முதலில் இழைத்தது மார்ச் இருபது. தச்சர் அன்றைக்கே, "மேடம், கதவு வீங்கலை, நிலைதான் இறங்குது. யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்க" என்றார். "மழை ஈரம்" என்றேன். மழையே இல்லை. மே இரண்டாம் தேதி மறுபடி இழைத்தோம். மறுநாள் உட்கார்ந்து உனக்கு எடைக் கணக்கு எழுதினேன். காட்ட ஆள் வேண்டுமென்றால் நீ இருந்தாய். காட்டினால் கூடம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். என் கணக்கு தொண்ணூற்று மூன்று நாள். உன்னைவிட இருபத்திரண்டு அதிகம். அதனால்தான் இத்தனை நாள் எழுத வரவில்லை.

புத்தகங்களை இறக்க ஒன்பது நாள் ஆனது. படிக்கிற பிள்ளைகளே வந்தார்கள். படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். மேலே ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்க விடவில்லை. பாதி இறக்கியதும் நகராட்சிப் பொறியாளர் அலங்காரப் பலகையைக் கழற்றினார். நடு உத்திரத்தின் அடியில் மூன்று விரிசல். சரியாக அப்பாவின் நாற்காலிக்கு மேலே. அவர் ஏணியிலிருந்து இறங்கி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை பேர் உட்கார்ந்தாங்க?" சொன்னேன். 

புத்தகம் இறங்க இறங்க அந்தக் கதவுக்கு மேலே இடைவெளி விழுந்தது. மூன்றாம் நாள் தள்ளாமலே திறந்தது. இப்போது சாத்தினாலும் மேலே ஒரு கோடு வெளிச்சம். நாங்கள் இழைத்து எடுத்த அளவு. பதினொரு மில்லிமீட்டர், அப்பா அளந்தார்.

இழைத்த இரண்டு தேதிகளையும் கோப்பில் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்திருக்கிறது. இடமாற்றம் இருக்கும் என்கிறார்கள். கூடம் முழுவதும் இப்போது புத்தகக் குவியல். பிள்ளைகள் பேருந்து நிலையத்து இருக்கைகளில் படிக்கிறார்கள். போகும்போது வரும்போது பார்க்கிறேன். என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார்கள். நிற்காமல் இருந்தால் தேவலை.

சட்டத்தைக் கழற்றிவிட்டேன். உள்ளே இருந்த தாளை எறியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "எடை கேட்டப்பவே உங்களுக்குத் தெரியும் இல்லையா? அவன் ஜன்னலுக்குப் போங்கன்னு ரெண்டு மாசமா மன்றாடினானே, ஏன் போகலை?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "ஜன்னலுக்குப் போயிருந்தா அவன் நிம்மதியா இன்னும் ஆறு மாசம் இருந்திருப்பான்."

"அப்போ மத்த பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அன்று சாப்பிடவும் இல்லை.

அக்கா

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவின் மருந்துச் சீட்டை அனுப்பு, பார்க்கிறேன். மருத்துவம் தெரியாது, பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உன்னுடைய தொண்ணூற்று மூன்றை என்னுடைய எழுபத்தொன்றிலிருந்து கழிக்காதே. கழித்தால் எனக்கு ஒன்றும் மிஞ்சாது, அது சரியில்லை. நான் தவறு செய்யாமல் இருந்திருந்தால் கதவு நிலை இறங்கியிருக்காது. ஓலைக்குப் பதில் எழுதும்போது இதை எழுது. நானும் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலாளி திருத்தவில்லை. படித்துவிட்டு, "சரியா இருக்கு" என்றார். இங்கே சேர்ந்து மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் கதவை மாற்ற வேண்டாம் என்று பொறியாளரிடம் சொல். தளத்துக்குத் தூண் கொடுத்த பிறகும் அந்த இடைவெளி இருக்கட்டும். குறைந்தால் எடை ஏறுகிறது என்று உள்ளே வருகிற யாருக்கும் தெரியும். என் கணக்கில் பத்து மில்லிமீட்டர் வந்தது. அரை மில்லி இருந்திருந்தால் மிச்சம் ஒன்று எங்கே என்று கேட்டிருப்பார்.

கூடத்தின் நடுவில் இரண்டு தூண் நின்றால், அலமாரிகள் கீழேயே ஓரத்தில் இருந்தாலும், இருபத்தாறு பேர் உட்காரலாம். வரைந்து பார்த்தேன். நாற்பது இல்லை. வரைபடத்தை இதோடு வைத்திருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் போடவில்லை. 'பயன்பாடு' என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அங்கே என்ன நடக்கும், எதை எங்கே வைப்பாய், எத்தனை பேர் வருவார்கள் என்பதை எல்லாம் நீ எழுது. நான் கேட்காமல் ஒன்றும் எழுதப் போவதில்லை.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி நீ கேட்டதற்கு அப்பா பதில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். என்னிடமும் இல்லை. அவரை மறுபடி கேட்காதே. சாப்பிடச் சொல்.

அப்பா இப்போது எங்கே உட்கார்ந்து படிக்கிறார்? எழுது. கணக்குக்காகக் கேட்கவில்லை.

தம்பி